டிக்கெட்டுக்குத் திறந்த எல்லைக் கதவு

கால்பந்து உலகக் கோப்பையைப் பார்க்கப் போகிறவருக்கு ஆட்டத்தின் டிக்கெட்டே விசாவாக நின்ற ஏற்பாடு காலமாகிவிட்டது. 2018-இல் ரஷ்யாவில் அது உலகக் கோப்பைக்குள் காலடி வைத்தது. 2022-இல் கத்தாரில் முழு வளர்ச்சி கண்டது. 2026-இல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகள் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு விதிகள் வந்தபோது அது அங்கே இல்லை. இரண்டே உலகக் கோப்பைகள்தான் அதன் ஆயுசு.

ரஷ்யாவில் அதற்கு ஃபேன் ஐடி என்று பெயர். கத்தாரில் ஹய்யா அட்டை. பெயர் எதுவானாலும் செய்த வேலை ஒன்றுதான். ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர் இணையத்தில் பாஸ்போர்ட் விவரமும் புகைப்படமும் கொடுத்துப் பதிந்துகொள்வார். அட்டை வரும். மைதான வாசலில் டிக்கெட்டோடு சேர்த்துக் காட்ட வேண்டிய அடையாளம் அதுவே. நாட்டின் எல்லையில் விசாவும் அதுவே. ஊருக்குள் வந்தபின் ரயிலுக்கும் பேருந்துக்கும் காசில்லாப் பயணச்சீட்டும் அதுவே. தூதரக வாசலில் வரிசை கிடையாது. நேர்காணல் கிடையாது. ஆறு மாத வங்கிக் கணக்கு, வேலை பார்க்கும் இடத்துக் கடிதம், சொத்துப் பத்திர நகல் எதையும் யாரும் கேட்கவில்லை.

இதற்கு லண்டனிலோ டோக்கியோவிலோ இரங்கல் எழுத ஆளிருக்காது. அவர்கள் பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலான நாடுகள் ஏற்கெனவே திறந்துதான் கிடக்கின்றன. இழப்பு நம்முடையது. பாபநாசத்தில் மலையிறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் இரு கரையிலும் இருந்துகொண்டு, ஒரே ஒரு முறையாவது உலகக் கோப்பையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறவரின் இழப்பு இது. அதனால்தான் இந்த இரங்கலைத் திருநெல்வேலியிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

கால்பந்து இந்தக் கரைக்கு அந்நியம் இல்லை. காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கத்து மைதானத்தில் மௌலானா அபுல்கலாம் ஆசாத் பெயரில் அகில இந்தியக் கால்பந்துப் போட்டி தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. வெளிமாநில அணிகள் வந்து ஆடும். போட்டி நாட்களில் அந்த ஊரில் சாயங்காலம் என்றால் மைதானம்தான். பாளையங்கோட்டையில் வ.உ.சி. மைதானமும் கல்லூரி மைதானங்களும், தூத்துக்குடியில் தருவை மைதானமும் பந்து உதைத்தவர்களால் தேய்ந்தவை. உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் இந்தப் பக்கம் பிரேசில் வீடு, அர்ஜென்டினா வீடு என்று தெருக்கள் பிரிந்துவிடும்.

ஆனால் நம் நாட்டு அணி உலகக் கோப்பையில் ஆடியதே இல்லை. 1950-இல் பிரேசிலில் ஆட ஒரு வாய்ப்பு தானாக வந்தது. தகுதிப் பிரிவில் மற்ற நாடுகள் விலகிக்கொள்ள, இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. அணி போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது பிற்காலத்தில் கிளம்பிய கதை. பயிற்சிக்கு நேரம் போதாது, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு என்று கால்பந்துச் சம்மேளனம் காரணம் சொன்னது. ஒலிம்பிக்கையே பெரிதாக எண்ணிய காலம் அது. அதற்குப் பின் அந்த வாய்ப்பு திரும்பவில்லை. 2002-இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் துணை நடுவராகக் கொரியா, ஜப்பான் உலகக் கோப்பைக்குப் போனார். ஆட்டக்காரராகப் போனவர் என்று சொல்ல நமக்கு யாருமில்லை. இந்த நாட்டிலிருந்து உலகக் கோப்பைக்குக் கூட்டமாகப் போகக்கூடியவர்கள் ரசிகர்கள் மட்டுமே. ரசிகனின் பயணத்தை எளிதாக்கிய எதுவும் இந்தியக் கால்பந்துக்குச் செய்த உபகாரம் என்று நான் கருதுவது இதனால்தான்.

கடல் கடந்து போவதும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலேயாவுக்கும் போன தலைமுறைகள் உண்டு. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா திறந்தது. மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசி, காயல்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் துபாயிலோ தோஹாவிலோ தம்மாமிலோ ஆள் இல்லாத தெரு அபூர்வம். பாஸ்போர்ட் வேலைக்கு ஒரு காலத்தில் திருச்சிக்கு ஓடினோம், பிறகு மதுரைக்கு, இப்போது திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது.

போனவர்கள் எல்லோரும் வேலைக்குப் போனவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். குறிப்பு விழும். அப்படிப்பட்டவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். அங்கே இறங்கியபின் எல்லாம் ஸ்பான்சர் கையில். கத்தாரைவிட்டு ஊருக்குக் கிளம்பக்கூட முதலாளி அனுமதி தர வேண்டும் என்ற சட்டம் 2018 வரை இருந்தது. அந்த ஆண்டில்தான் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு அது நீங்கியது. முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்ற உரிமை 2020-இல் வந்தது. எங்கள் வீடுகளில் ஐம்பது ஆண்டுகளாக விசா என்று அழைக்கப்பட்டது, ஒரு மனிதனை இன்னொருவன் பொறுப்பில் ஒப்படைக்கும் தாள். கொடுத்தவர் பெயரில் அது வரும். அவர் நினைத்தால் முடியும்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் ரசிகர் அட்டை என்ன செய்தது என்பது விளங்கும். அது போகிறவரின் பெயரிலேயே வந்தது. நடுவில் முதலாளி இல்லை, ஏஜென்ட் இல்லை, ஒப்பந்தம் இல்லை. ஆட்டம் பார்க்க வருகிறார் என்பது ஒன்றே தகுதி. வேலையாளாக மட்டுமே வெளிநாட்டைப் பார்த்த ஒரு கரையின் மக்களை அது விருந்தாளியாக்கியது.

அதன் பிறப்பைச் சொல்ல வேண்டும். 2008 மே மாதம் ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் மாஸ்கோவில் நடந்தது. மோதிய இரண்டும் இங்கிலாந்து அணிகள்: மான்செஸ்டர் யுனைடெட், செல்ஸி. அத்தனை ஆயிரம் பேருக்கு விசா கொடுத்து மாளாது என்று கண்ட ரஷ்ய அரசு, ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருக்கும் ரசிகர்கள் விசா இல்லாமலே வரலாம் என்றது. 2014 உலகக் கோப்பைக்கு பிரேசில் தனிச்சட்டம் இயற்றி, டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குக் கட்டணமில்லாமல் விசா வழங்கியது. விசா என்ற சடங்கு இருந்தது, செலவு போயிற்று. 2017-இல் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஃபேன் ஐடியை ரஷ்யா சோதித்துப் பார்த்தது. அடுத்த ஆண்டு ஜூன் 14 அன்று உலகக் கோப்பை தொடங்கியபோது, லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்ட அந்த அட்டையோடு உலகம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் மாஸ்கோவில் இறங்கினார்கள்.

ரஷ்யா பெரிய நாடு. 11 நகரங்கள், 12 மைதானங்கள். மேற்கே கலினின்கிராடுக்கும் கிழக்கே எகாடெரின்பர்குக்கும் இடையே 2,000 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தூரத்தைக் கடக்க ஆட்ட நகரங்களுக்கிடையே ரசிகர்களுக்கென்று தனி ரயில்கள் விட்டார்கள். அட்டையும் ஆட்டத்தின் டிக்கெட்டும் உள்ளவருக்குப் படுக்கை இலவசம். குழு ஆட்டங்களுக்கு வெளிநாட்டவர் வாங்கக்கூடிய மலிவான டிக்கெட் 105 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 7,000 ரூபாய். இரவை ரயிலில் கழித்தால் அறை வாடகையும் மிச்சம். நெல்லை எக்ஸ்பிரஸில் படுத்துப் பழகியவருக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். போட்டி முடிந்தபின், அட்டை வைத்திருந்தவர்கள் அந்த ஆண்டு முடியும்வரை விசா இல்லாமல் மறுபடியும் வரலாம் என்று ரஷ்யா சலுகையை நீட்டித்தது.

ஆனாலும் ரஷ்யா தூரம். மொழி தெரியாது, ஆள் தெரியாது. கத்தார் அப்படியில்லை. அங்கே வாழும் இந்தியர் 7 லட்சத்துக்கும் மேல். அந்நாட்டில் இருக்கும் வெளிநாட்டவரில் நாம்தான் அதிகம். திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் தோஹா. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாகர்கோவில் வழியாக 150 கிலோமீட்டர்தான். சென்னைக்குப் போவதைவிடப் பக்கம். வெயிலுக்குப் பயந்து போட்டியை நவம்பர், டிசம்பருக்கு மாற்றியதால், தாமிரபரணியில் பிசான நடவும் வடகிழக்கு மழையுமாக இருக்கும் மாதங்களில் உலகக் கோப்பை வந்தது. எட்டு மைதானங்களும் தோஹாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும். உலகக் கோப்பை வரலாற்றில் இந்தக் கரைக்கு இவ்வளவு அருகில் ஒரு போட்டி வந்ததே இல்லை.

திட்டம் போடுவதிலேயே ஓர் இன்பம் இருந்தது. முதலில் டிக்கெட். குலுக்கலில் விழ வேண்டும், அல்லது முந்துகிறவருக்கு என்று திறந்துவிடும் நாட்களில் கணினி முன் காத்திருக்க வேண்டும். குழு ஆட்டத்துக்கு வெளிநாட்டவருக்கான மூன்றாம் வகுப்பு டிக்கெட் 250 ரியால், அப்போதைய கணக்கில் ஏறத்தாழ 5,500 ரூபாய். கத்தாரில் குடியிருப்பவருக்கு மட்டும் நான்காம் வகுப்பு 40 ரியால். 900 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பணம் கட்ட வெளிநாட்டில் செல்லும் கார்டு வேண்டும். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு 2020-க்குப் பிறகு ரிசர்வ் வங்கி விதிப்படி அடைத்தே வருவதால் வங்கிச் செயலியில் போய் அதைத் திறந்துவிட வேண்டும். ஊரில் கார்டு இல்லாதவருக்காகத் தோஹாவில் இருக்கும் உறவினர் கட்டினார். டிக்கெட் கைப்பேசிக்கு வந்தபின் ஹய்யாவில் பதிய வேண்டும். அதற்குத் தங்குமிடத்தின் ஆதாரம் வேண்டும்.

அங்கேதான் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய நன்மை இருந்தது. தங்குமிடம் என்றால் ஓட்டல் என்று கத்தார் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்நாட்டில் குடியிருப்பவர் தன் வீட்டைப் பதிந்து, 10 பேர் வரை உறவினரையோ நண்பரையோ விருந்தாளியாகச் சேர்க்கலாம். தோஹாவில் அண்ணனோ மச்சானோ வீடு எடுத்திருந்தால் ஊரிலிருந்து போகிறவருக்குத் தங்கும் செலவே இல்லை. அந்த மாதங்களில் காயல்பட்டினத்துக்கும் தோஹாவுக்கும் இடையே ஓடிய பேச்சுகள் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும்:

"காக்கா, விசாவுக்கு எந்தக் கம்பெனியில சொல்லணும்?"

"கம்பெனியும் வேணாம், ஒண்ணும் வேணாம். டிக்கெட் எடுத்தாச்சுல்லா? பாஸ்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. வீட்டுப் பேர்ல நான் சேத்துருதேன்."

"உம்மாவையும் சேக்கலாமா?"

"உம்மாவுக்கும் டிக்கெட் இருந்தா தாராளமா வரலாம். வாப்பாவும் வரட்டும்."

உம்மாவும் வாப்பாவும் வரலாம் என்ற அந்தப் பதிலின் எடை, வளைகுடாவில் மகனைப் பிரிந்திருக்கும் வீடுகளுக்குத் தெரியும். குடும்பத்தை அழைக்க விசா உண்டுதான். அதற்குச் சம்பள வரம்பு உண்டு. வரம்புக்குக் கீழே சம்பாதிக்கிறவன் பெற்றோரை அழைக்க முடியாது. பிள்ளை இருபது வருடம் உழைத்த ஊரைப் பார்க்காமலே கண் மூடிய தாய் தகப்பன் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். ஹய்யா சம்பளத்தைக் கேட்கவில்லை. ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் இருந்தால் போதும் என்றது. டிசம்பர் 2 முதல் டிக்கெட் இல்லாதவர்களும் 500 ரியால் கட்டி வரலாம் என்று கதவை இன்னும் அகலத் திறந்தார்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. ஐக்கிய அரபு எமிரேட்ஸும் சவூதியும் ஹய்யா வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் நாட்டுக்கும் பலமுறை வந்துபோகும் விசாவைக் கொடுத்தன. துபாயில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, ஆட்டத்தன்று காலையில் தோஹாவுக்குப் பறந்து ராத்திரி திரும்பும்படி விமானங்கள் விடப்பட்டன.

குழு ஆட்டங்களின் முதல் இரண்டு சுற்றுகளில் பெரும்பாலும் நாளுக்கு நான்கு ஆட்டம்: தோஹா நேரப்படி பகல் ஒன்று, நான்கு, ஏழு, இரவு பத்து. மைதானங்கள் பக்கம் பக்கமாக இருந்ததாலும், அட்டை உள்ளவருக்கு மெட்ரோவும் பேருந்தும் இலவசம் என்பதாலும், ஒரே நாளில் இரண்டு மைதானங்களுக்குப் போய் இரண்டு ஆட்டங்கள் பார்ப்பது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. அப்படிப் போனவர்கள் 974 கப்பல் கொள்கலன்களைக் கொண்டு கட்டிய மைதானத்தைப் பார்த்தார்கள். நவம்பர் 22 அன்று லுசைலில் அர்ஜென்டினாவைச் சவூதி 2-1 என்று வீழ்த்தியதைப் பார்த்தார்கள். அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடாக மொராக்கோ எழுந்ததைப் பார்த்தார்கள். டிசம்பர் 18 அன்று அதே லுசைலில் 3-3 என்று முடிந்து, பெனால்டியில் அர்ஜென்டினா வென்ற இறுதி ஆட்டத்துக்கு வெளியே தெருவெல்லாம் நிறைந்த கூட்டத்தில் நின்றார்கள். மைதானத்துக்குள் இடம் கிடைத்தவர் கொஞ்சம்; ஊர்க்கொண்டாட்டத்துக்குள் இடம் கிடைத்தவர் ஏராளம். அதற்கும் அந்த அட்டைதான் வழி.

அட்டை கடைசியாகச் செய்த உபகாரம் இன்னும் பெரிது. போட்டி முடிந்தபின் அதன் செல்லுபடியைக் கத்தார் 2024 ஜனவரி வரை நீட்டித்தது. அந்த ஜனவரியில் ஆசியக் கோப்பை அங்கே நடந்தது. அதில் இந்தியா ஆடியது. உலகக் கோப்பையில் அடுத்தவன் நாட்டுக் கொடியைப் பிடித்தவர்கள் இந்த முறை நீலச் சட்டையோடு மைதானத்தில் உட்கார்ந்தார்கள். ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. ஒரு கோல்கூட நாம் அடிக்கவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் நம்மவர்கள் கூடி நின்று கத்திய அந்த ஆட்டங்கள், வெளிநாட்டு மைதானத்தில் இந்தியக் கால்பந்து அணிக்குக் கிடைத்த பெரிய ஆதரவுகளில் சேரும்.

இறந்தவரின் குறைகளை மறைத்துவிட்டு எழுதும் இரங்கல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கத்தாரின் மைதானங்களையும் சாலைகளையும் மெட்ரோவையும் கட்டியவர்கள் இந்தியா, நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து போன தொழிலாளர்கள். அந்த வெயிலில் உழைத்து உயிர் விட்டவர்களுக்கு முழுக் கணக்கும் முறையான நஷ்டஈடும் இன்றுவரை வரவில்லை. தொழிலாளர் முகாமில் ஓர் அறைக்கு ஆறு பேர் எட்டுப் பேர் என்று கிடந்தவர் தன் வீடு என்று எதைப் பதிவார், யாரை அழைப்பார்? அவருக்குக் கிடைத்தது ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில் வைத்த பெரிய திரை. விருந்தோம்பும் வசதி, வீடு எடுக்குமளவு சம்பாதித்தவருக்கே கிடைத்தது. ஹய்யா செயலி கைப்பேசியிலிருந்து எடுத்துக்கொள்ளும் தகவல்களைப் பற்றி ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரித்தன. ரஷ்யாவில் ஃபேன் ஐடியைக் காட்டி நைஜீரியப் பெண்களை ஏமாற்றிக் கடத்திப்போன கொடுமை நடந்தது. காலக்கெடு முடிந்தும் தங்கிவிட்டவர்களும் இருந்தார்கள். வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்த அதே ஃபேன் ஐடியை 2022-இல் தன் உள்நாட்டு லீக் ஆட்டங்களுக்கும் ரஷ்யா கட்டாயமாக்கியது. தங்களைக் கண்காணிக்கவே இது என்று சொல்லி அந்நாட்டு ரசிகர்கள் பல கிளப்புகளின் ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். அட்டையைக் கொடுத்த அரசுகள் அன்பால் கொடுக்கவில்லை. உலகத்தின் முன் தங்கள் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கொடுத்தன.

அத்தனையும் உண்மை. அதோடு இன்னோர் உண்மையும் இருக்கிறது. கத்தாருக்கு மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பார்த்தார்கள். திரும்பினார்கள். ஏழை நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவனை உள்ளே விட்டால் போகமாட்டான் என்ற பயத்தின்மேல் உலகத்தின் விசா விதிகள் பாதி கட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பயம் அளவுக்கு மீறியது என்பதற்குப் பத்து லட்சம் பேர் சாட்சி.

அந்தப் பயம்தான் இப்போது வென்றிருக்கிறது. 2026 உலகக் கோப்பையில் 48 அணிகள், 104 ஆட்டங்கள், 16 நகரங்கள்; ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. இதுவரை நடந்ததிலேயே பெரியது. ஆனால் மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரு ரசிகர் அட்டை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தைத் தான் வைத்துக்கொண்டது. திருநெல்வேலிக்காரர் அமெரிக்காவில் ஓர் ஆட்டம் பார்க்க நினைத்தால் டி.எஸ்.-160 என்ற நீண்ட படிவத்தை நிரப்பி, 185 டாலர் கட்டி, கைரேகைக்கும் நேர்காணலுக்கும் இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போக வேண்டும். நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு. கட்டிய பணம் விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. கனடாவில் ஓர் ஆட்டம் என்றால் அதற்குத் தனி விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ளவரை மெக்சிகோ உள்ளே விடும் என்பது ஒன்றுதான் இதில் ஆறுதல்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: சுற்றுலா விசா கேட்டு வருகிறவர் அங்கேயே குடியேற வருகிறார் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை, திரும்பிவிடுவேன் என்று நிரூபிக்கும் பாரம் விண்ணப்பித்தவர்மேல். திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும்: நிலையான வேலை, சொத்து, குடும்பம், முன்பு போய்வந்த நாடுகளின் முத்திரைகள். பாளையங்கோட்டையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு, நாலு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் மெஸ்ஸியின் ஆட்டத்துக்குப் போக நினைக்கும் இளைஞன் இதில் எதைக் காட்டுவான்? ஆட்டத்தின்மேல் அவனுக்குள்ள பிரியத்தைக் காட்ட அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஹய்யாவில் இருந்தது, அதற்கு டிக்கெட் என்று பெயர்.

டிக்கெட் வாங்கியவர்களுக்கு நேர்காணல் தேதியில் முன்னுரிமை தரும் ஃபிஃபா பாஸ் என்ற முறையை 2025 நவம்பரில் அறிவித்தார்கள். வரிசையில் முன்னால் நிற்க அது உதவும். கதவு திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் தராது. டிக்கெட் விலையும் தேவைக்கேற்ப ஏறி இறங்கும் முறைக்குப் போய்விட்டது. இன்னும் கொடுமை, இரானும் ஹைட்டியும் தகுதி பெற்ற அணிகள். 2025 ஜூனில் வந்த அமெரிக்கப் பயணத் தடைப் பட்டியலில் அந்த இரு நாடுகளும் இருந்தன. ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் விலக்கு உண்டு. ரசிகருக்கு இல்லை. சொந்த நாட்டு ரசிகர் ஊரிலிருந்து வர முடியாத உலகக் கோப்பை எப்படி உலகக் கோப்பை ஆகும்? 1974-க்குப் பிறகு, அரை நூற்றாண்டு காத்திருந்து உலகக் கோப்பைக்குள் வந்த நாடு ஹைட்டி.

இனி என்ன? 2030 போட்டி ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவில். அர்ஜென்டினா, உருகுவே, பராகுவேயில் ஆளுக்கோர் ஆட்டம். ஐரோப்பிய நாடுகள் இரண்டுக்கும் ஷெங்கன் விசா. 2034 சவூதியில். இந்தக் கரையிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் இன்று தாத்தாவாகிவிட்டார்கள். கத்தார் செய்ததைச் சவூதியும் செய்ய வேண்டும். வீடு எடுத்தவருக்கு மட்டும் என்றில்லாமல், முகாமில் தங்கியிருக்கும் தொழிலாளியும் தன் தாயை, தகப்பனை அழைத்து ஓர் ஆட்டம் காட்டும்படி செய்ய வேண்டும். அந்த மைதானங்களைக் கட்டப்போகிறவர் அவர். அவருக்கு அந்த உரிமை மற்ற யாரையும்விட அதிகம்.

அடுத்தவரிடம் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா நடத்தியது. 2030-இல் காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்தில் நடக்க இருக்கின்றன. அதற்கு வர நினைக்கும் வங்கதேசத்துப் பையனும், நைஜீரிய மாணவியும், யாழ்ப்பாணத்து ஓட்டக்காரியின் அப்பாவும் நம்மிடம் விசா கேட்டு நிற்பார்கள். வங்கிக் கணக்கைக் காட்டு, திரும்பிப் போவாய் என்று நிரூபி என்று நாமும் கேட்கப்போகிறோமா? டிக்கெட் வாங்கியவர் விருந்தாளி என்று ஒரு சட்டம் இயற்ற நம் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பிரேசில் இயற்றியது. ரஷ்யாவும் கத்தாரும் நடத்திக் காட்டின.

ரசிகர் அட்டை நோயால் சாகவில்லை. அது வேலை செய்துகொண்டிருந்தபோதே, அடுத்து நடத்த வந்தவர்கள் அதை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். மறுத்தால் மறைந்த ஒன்று, யாராவது ஒரு நாடு மனம் வைத்தால் மறுபடியும் பிறக்கும். அந்த நாடு நம் நாடாக இருக்கட்டும் என்று கேட்கிறேன். விருந்தாளியாக நடத்தப்பட்டது எப்படி இருந்தது என்று இந்தக் கரையில் போய்வந்தவர்களுக்குத் தெரியும். அதை இன்னொருவருக்குத் தர வேண்டும் என்று கேட்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.